கேள்வியின் மறுபாதி

தத்துவ வகுப்புகளைப் பதிவுசெய்து வெளியிடும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்லூரியில் தத்துவம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த தத்துவம் முழுவதும் 11 ஆண்டுகளாக உங்கள் பதிவுகளைக் கேட்டுக் கற்றதுதான். வேலைக்குப் போகும் வழியிலும், இரவில் விளக்கை அணைத்த பிறகும் உங்களில் பலருடைய குரல் என் காதில் ஒலித்திருக்கிறது. எந்த உரையில் எந்த இடத்தில் சாக்பீஸ் உடையும், யார் எந்த வாக்கியத்துக்கு முன் இருமுவார் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அந்த நெருக்கமும் நன்றியுமே இந்த மடலை எழுதவைக்கின்றன.

ஒரு தொடர் முடிந்ததும் உங்கள் கருத்துப் படிவம் வருகிறது. குரல் தெளிவாக இருந்ததா, ஆசிரியர் சுவையாகப் பேசினாரா, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறீர்கள். நான் பல ஆண்டுகள் அந்தப் படிவத்தை மனமார நிரப்பினேன். ஒருநாள் அது எவ்வளவு தவறாக வழிநடத்துகிறது என்பதைக் கண்டுகொண்டேன்.

அந்தத் தொடர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டைப் பற்றியது. 24 உரைகள். ஆசிரியரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இனிமையான குரல், தடுமாற்றமே இல்லாத நடை. ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். சில வாரங்களில், கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வெளி (space) என்பது பொருள்களிடம் இருப்பதல்ல, நம் மனம் கொண்டுவருவது என்று கான்ட் சொல்கிறாராமே. ஏன் அப்படிச் சொல்கிறார்?" பதில் சொல்ல முயன்றேன். அவர் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் நகரத்தைப் பற்றிச் சொல்ல முடிந்தது. அவருடைய மாலை நடையைப் பார்த்து அண்டை வீட்டார் கடிகாரத்தைச் சரிசெய்த கதையைச் சொல்ல முடிந்தது. ஹ்யூம் என்ற தத்துவ அறிஞரின் எழுத்து, ஆராயாமல் நம்பும் உறக்கத்திலிருந்து அவரை எழுப்பியது என்றும் சொன்னேன். ஆனால் நண்பர் கேட்ட "ஏன்" என்பதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை. கான்ட் என்ன சொன்னார் என்று 24 உரைகள் கேட்டிருந்தேன். எதனால் சொன்னார் என்பது எனக்குள் இறங்கவே இல்லை.

வெட்கத்தோடு இன்னொரு பதிவைத் தேடிப் பிடித்தேன். ஒரு பழைய வகுப்பறை ஒலிநாடா. இரைச்சல் அதிகம். ஆசிரியர் முணுமுணுப்பார், பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். 1781இல் வந்த 'தூய அறிவின் விமர்சனம்' என்ற நூலில் வெளியைப் பற்றிய சில பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழுவதும் பேசினார். மரம் என்ற கருத்தின் கீழ் எண்ணற்ற மரங்கள் அடங்குகின்றன. அவை அந்தக் கருத்துக்கு எடுத்துக்காட்டுகள். வெளி அப்படிப்பட்டதா? இந்த அறையின் வெளி, அடுத்த அறையின் வெளி என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் ஒரே வெளியின் பகுதிகள் அல்லவா? பொருள்கள் ஒன்றுமில்லாத வெளியை நினைத்துப் பார்க்கலாம். வெளியே இல்லாத நிலையை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆகவே வெளி என்பது பல பொருள்களைப் பார்த்து நாம் திரட்டிக்கொண்ட பொதுக்கருத்து அல்ல, எதையும் பார்ப்பதற்கு முன்பே நம்மிடம் இருக்கவேண்டிய ஒன்று. இப்படிப் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தபோது, அறையின் கோடியிலிருந்து ஒரு மாணவரின் குரல் மங்கலாகக் கேட்டது: "கனவில் நான் ஓர் அறையைப் பார்க்கிறேன். அந்த அறை என் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?"

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. நாடாவில் நெடுநேரம் இரைச்சல் மட்டும் ஓடுகிறது. பிறகு, "தூரமே இல்லை என்றால் இரண்டு வெளிகள் இருக்கின்றன என்று ஆகிவிடும். அப்படியானால் கான்ட்டின் முதல் படியே ஆடுகிறது. இருங்கள், யோசிப்போம்," என்கிறார். அந்த மௌனத்தில் நானும் யோசித்தேன். ஆந்தனி குவின்டன் என்ற தத்துவ அறிஞர் 1962இல் ஏறக்குறைய இதே திசையில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். ஆனால் அந்த இரவில் எனக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. கான்ட்டின் வாதம் எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே கைவைத்தால் அசையும் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாக உணர்ந்திருந்தேன். உங்கள் படிவத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பதிவுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தாலே அதிகம்.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைச்சொல் செவியால் கேட்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் செவியால் பெறும் அறிவைப் பற்றியது. இன்று அதே சொல்லை வினா என்ற பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகிறோம். இரண்டும் ஒரு சொல்லுக்குள் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பாடம் கேட்கிறவர் இடையிடையே கேள்வியும் கேட்பார் என்பதே பழைய வகுப்பின் இயல்பு. பதிவுசெய்யப்பட்ட உரை இந்தச் சொல்லின் ஒரு பாதியைத்தான் எங்களுக்குத் தருகிறது. மறுபாதியை அது எடுத்துக்கொள்கிறது.

இந்தக் குறை உங்களோடு தொடங்கியதல்ல. பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தைப் பற்றி இதைத்தான் சொல்கிறார்: எழுதிவைத்த சொல்லிடம் ஏதாவது கேட்டால், அது முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒலிநாடாவும் அப்படித்தான். ஆனால் எழுத்தை விட ஒலிநாடாவுக்கு ஒரு வசதி உண்டு. நான் கேட்க முடியாத கேள்வியை எனக்காக இன்னொருவர் அந்த அறையில் கேட்டிருக்கலாம். ஆசிரியரே என் வாயாகப் பேசியிருக்கலாம். ஒரு தத்துவத் தொடரை எடைபோட எனக்கு இப்போது இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: பறிபோன அந்த மறுபாதியில் எவ்வளவை இந்தத் தொடர் எனக்குத் திருப்பித் தருகிறது?

நம் மரபில் இதற்கு அழகான முறை ஒன்று இருந்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கிறது. பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே ஆசிரியர் தம் கொள்கைக்கு வருகிறார். அதில் உலகாயதர், அதாவது கண்ணால் காண்பதே உண்மை என்பவர்கள், சொல்வதைப் படிக்கும்போது, ஒரு கணமாவது "இவர்கள் சொல்வது சரிதானோ" என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அதற்குப் பின் வரும் மறுப்பில் உயிர் இராது. ஒலிப்பதிவிலும் நான் இதையே எதிர்பார்க்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் 2007இல் பதிவான ஷெல்லி கேகனின் 'மரணம்' என்ற 26 உரைகளை இதற்குச் சான்றாகச் சொல்வேன். ஆன்மா என்ற ஒன்று இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அதை முதல் உரையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு, ஆன்மா உண்டு என்பதற்கான வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் முழு வலிமையோடு நிறுத்துகிறார். ஆன்மா அழியாதது என்று வாதிடும் பிளேட்டோவின் 'ஃபீடோ'வுக்குப் பல வகுப்புகளைச் செலவிடுகிறார். அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் கற்ற வாதங்களை வைத்தே அவரை மறுக்கிறேன். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை என்னால் செய்ய முடியாது.

புதிய தொடர் ஒன்றைத் தொடங்கும்போது நான் முதல் உரையிலிருந்து தொடங்குவதில்லை. முதல் உரை பெரும்பாலும் வரவேற்பு வளைவு. அங்கே எல்லோரும் நன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு ஏற்கெனவே ஓரளவு தெரிந்த ஒரு கடினமான இடத்துக்கு நேராகப் போகிறேன். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் பற்றிய தொடர் என்றால், "சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்ற வாக்கியத்தை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பேன். அந்த வாக்கியம் 1637இல் வந்த நூலில் இருக்கிறது. 1641இல் வந்த 'தியானங்கள்' நூலின் இரண்டாம் தியானத்தில் அது அந்த வடிவத்தில் இல்லை. அங்கே அவர் எழுதுவது, "நான் இருக்கிறேன்" என்ற கூற்று நான் அதைச் சொல்லும்போதெல்லாம், மனத்தில் கொள்ளும்போதெல்லாம் உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்பது. பலர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இது பாடபேதச் சிக்கல் மட்டும் அல்ல. "ஆகவே" என்று ஒரு சொல் வந்தால் அது ஓர் அனுமானமாகிறது. அப்போது "சிந்திப்பதெல்லாம் இருக்கும்" என்ற பொது விதி எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் ஐயப்பட்டவர் இதை மட்டும் எப்படி விட்டுவைத்தார் என்ற வினா எழுகிறது. "ஆகவே" இல்லாவிட்டால் அந்த வினா வேறு முகம் கொள்கிறது. இந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிற்கும் ஆசிரியரை நம்பி நான் 40 மணி நேரமும் தருவேன்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகலிலும் இப்படி ஓர் இடம் உண்டு. கொள்கை, எதிர்க்கொள்கை, இணைப்பு என்ற மூன்று சொற்களை அவருடைய முறையாகவே சொல்லிக்கொடுக்கும் உரைகள் ஏராளம். அந்த மூன்றையும் அப்படி வரிசைப்படுத்திப் பயன்படுத்தியவர் அவருக்கு முந்தைய தத்துவ அறிஞர் ஃபிக்டே. ஹெகல் தம் முறையை இந்தச் சொற்களால் அறிவித்ததில்லை. எளிமைக்காக அப்படிச் சொல்கிறேன் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எனக்கு வருத்தமில்லை. சொல்லாமல் போனால், அவர் மூலத்தைப் படித்துவிட்டு வந்து பேசுகிறாரா, இன்னொரு உரையைக் கேட்டுவிட்டு வந்து பேசுகிறாரா என்ற ஐயம் எனக்கு வருகிறது. ஒரே ஒரு சறுக்கலை வைத்து ஒரு தொடரையே தள்ளிவிடுவது நியாயம் அல்ல என்பதையும் உணர்கிறேன். நான் பெரிதும் மதிக்கும் தொடர்களிலும் பிழைகள் உண்டு. அந்தப் பிழைகளைத் தொடரின் பக்கத்திலேயே தேதியிட்டுத் திருத்திவைக்கும் வழக்கம்தான் எங்கும் காணவில்லை. நூலுக்குப் பிழைதிருத்தம் போடுகிற நீங்கள் உரைக்கு ஏன் போடுவதில்லை?

கேட்பவர் பக்கமும் பொறுப்பு உண்டு. அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் முறையிட எனக்கு மனம் வரவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான நன்னூல் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் வருகிறது. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருகிறது. இந்தக் கணக்கின்படி மிகச் சிறந்த பதிவும் எனக்குக் கால் பங்குக்கு மேல் தர முடியாது. கணித ஆசிரியரான அந்த நண்பர் முன்னால் நான் வாயடைத்துப் போனதற்கு இனிய குரல் கொண்ட அந்த ஆசிரியர் மட்டும் காரணம் அல்ல. முக்கால் பங்கு வேலையை நான் செய்யவே இல்லை. அதன் பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். உரை முடிந்த மறுநாள், எதையும் பார்க்காமல், அந்த உரையின் முதன்மை வாதத்தை ஐந்து வரிகளில் எழுதுகிறேன். எழுத முடியாவிட்டால் மறுபடி கேட்கிறேன்.

அதே நன்னூல், ஒருமுறை கேட்டவர் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை பெரிதும் நீங்கும் என்கிறது. பழைய மாணவருக்கு அதற்காக ஆசிரியரின் பொறுமை தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பதிவின் மிகப் பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன், உங்கள் படிவங்கள் ஒருபோதும் விசாரிக்காத கொடையும் இதுவே. இரண்டாம் முறை கேட்கும்போது சில தொடர்கள் வெறுமையாகிவிடுகின்றன. முதல்முறை நான் ரசித்தது கதையையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் என்பது அப்போது தெரிந்துவிடுகிறது. வேறு சில, இரண்டாம் முறையில்தான் திறக்கின்றன. "இதை இப்போதைக்கு ஒத்துக்கொள்ளுங்கள்" என்று மூன்றாம் நிமிடத்தில் ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னதுதான் வாதத்தின் முழுச் சுமையையும் தாங்குகிறது என்பது அப்போது புலப்படும். எனவே என்னிடம் "பரிந்துரைப்பீர்களா" என்று கேட்காதீர்கள். "மறுபடி கேட்டீர்களா, கேட்டபோது என்ன கிடைத்தது" என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். இரைச்சலை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியும். இருமலையும், நாற்காலி இழுபடும் ஓசையையும் பொறுத்துக்கொள்வோம். மௌனத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இப்போது மென்பொருளே இடைவெளிகளைத் தேடிக் கத்தரித்துவிடுகிறது. பேச்சு விறுவிறுப்பாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் தத்துவ வகுப்பில் யோசிக்கும் நேரம் அந்த இடைவெளிதான். கனவில் வந்த அறையைப் பற்றிய கேள்விக்குப் பின் ஓடிய அந்த இரைச்சலை யாராவது வெட்டியிருந்தால் நான் ஒன்றுமே கற்றிருக்க மாட்டேன்.

மாணவர்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியரின் சட்டையில் மட்டும் ஒலிவாங்கி இருப்பதால், பல பதிவுகளில் மாணவர் பேசுவது வெறும் முனகலாகிவிடுகிறது. பிறகு ஆசிரியர் "ஆம், மிகச் சரியான கேள்வி" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பதில் சொல்கிறார். எதற்குப் பதில் என்று எங்களுக்குத் தெரியாது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆசிரியர் மைக்கேல் சாண்டலின் 'நீதி' தொடர் 2009இல் தொலைக்காட்சிக்காக அமைந்தபோது, அரங்கில் எழுந்து பேசிய மாணவர்களின் குரலும் தெளிவாகப் பதிவானது. அந்தத் தொடர் அத்தனை பேரைச் சென்றடைந்ததற்கு அவருடைய பேச்சுத்திறன் ஒரு காரணம் என்றால், எதிர்த்துப் பேசிய அந்த இளைஞர்களின் குரல் இன்னொரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். எல்லா வகுப்புக்கும் அத்தகைய வசதி கிடைக்காது. பதில் சொல்வதற்கு முன் ஆசிரியர் கேள்வியைத் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னாலே போதும். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

உரையின் எழுத்துவடிவத்தையும் பதிவோடு சேர்த்து வையுங்கள். இதைச் சொல்வது காது கேளாதவர்களுக்காகவும்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் பல ஆண்டுகளாகத் திறந்துவைத்திருந்த 20,000க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளை 2017இல் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. காது கேளாதோர் பின்தொடர வசனவரிகள் இல்லை என்று அமெரிக்க நீதித்துறை அதற்கு முந்தைய ஆண்டு சுட்டிக்காட்டியிருந்தது. அந்த உரிமைக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. முதல் நாளிலிருந்தே எழுத்துவடிவம் உடன் வைக்கப்பட்டிருந்தால் இரு தரப்பிலும் யாரும் எதையும் இழந்திருக்க வேண்டியதில்லை. கேகனின் தொடர் உள்ளிட்ட யேல் வகுப்புகளுக்கு எழுத்துவடிவம் இருக்கிறது. ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு வாதிட வேண்டுமானால், அந்த வாக்கியம் என் கண்முன் நிற்க வேண்டும். காது கேட்கிறவர்களுக்கும் அது தேவை.

உங்கள் பணியைச் சிறியதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அரிஸ்டாட்டிலின் பெயரில் நம்மிடம் எஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி வகுப்புக் குறிப்புகள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். அழகியல் பற்றிய ஹெகலின் விரிவுரைகள் 1831இல் அவர் இறந்த பிறகு, மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின் துணையோடு நூலாயின. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ பாரிஸின் கொலேஜ் த ஃபிரான்ஸ் கல்விநிலையத்தில் ஆற்றிய உரைகளை இன்று நாம் படிக்க முடிவது, கேட்க வந்தவர்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்த ஒலிநாடாக் கருவிகளால். தத்துவத்தின் வரலாற்றில் பாதி, யாரோ ஒருவர் வகுப்பில் கவனமாக உட்கார்ந்து பதிவுசெய்ததால் பிழைத்தது. நீங்கள் செய்வது அந்த வேலை. அதை நட்சத்திரங்களாலும் பார்வை எண்ணிக்கையாலும் நீங்களே அளந்துகொள்ளும்போது எனக்குத் தாங்கவில்லை. அந்த அளவுகோலைப் பார்த்து, அடுத்த தொடரில் கடினமான உரையைச் சுருக்கி, வாழ்க்கைக் கதையை நீட்டிவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். சில இடங்களில் அது நடந்தும்விட்டது.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தொடரின் முகப்பிலும் அதன் மிகக் கடினமான உரையை மாதிரியாக வையுங்கள், முதல் உரையை அல்ல. கூடவே, எந்த நூலின் எந்தப் பகுதியைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று குறிப்பிடுங்கள். முப்பது நிமிடம் அதைக் கேட்டு, ஒன்றும் புரியாவிட்டாலும், இங்கே உண்மையில் ஒரு வேலை நடக்கிறது என்பதை எங்களால் உணர முடியும். எங்களை நம்புங்கள்.

என் நோட்டில் இப்போது 212 கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொடரின் பெயர், உரையின் எண், நிமிடம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நானே விடை கண்டு அடித்துவிட்டேன். சில அசட்டுக் கேள்விகளாக இருக்கலாம். அவற்றுள் ஏழோ எட்டோ உங்களை அந்த ஒலிநாடா ஆசிரியரைப் போல ஒரு நிமிடம் நிறுத்தும் என்று நம்புகிறேன். அவற்றை அனுப்ப ஒரு முகவரி தாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை அந்த வகுப்பை எடுக்கும்போது, ஒலிவாங்கியின் முன், அவற்றில் ஒன்றை மட்டும் சத்தமாகப் படியுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் கேட்பாளர் ஒருவர்